மொடியுலரை விற்கப் போகும் மகளுக்கு

தர்ஷினி,

உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நேரில் சொன்னால், "சரி, அம்மா தொடங்கிட்டாங்க" என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாய். எழுத்துக்கு முன்னால் ஹெட்போன் மாட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. ஒபிஸ் பயிற்சிக்கு நீ கொழும்புக்குப் போயிருக்கிற இந்த வாரம் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அப்பா கடையைப் பார்த்துக்கொள்கிறார். உன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மொடியுலர் வாத்தியப் பெட்டிக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கல்யாணம் நிச்சயமான வேறு பிள்ளைகள் யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்துச் சொல்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டையிலிருந்து உன் மாமா கோல் எடுத்தான். நான் கடையில் ஒருவருக்கு பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, தர்ஷி அந்த மொடியுலர் செட்ட விக்கப் போறாளாமே? இன்டர்நெட்ல போட்டிருக்கா. படமெல்லாம் போட்டு, நல்ல நிலையில இருக்குன்னு எழுதியிருக்கா. சனிக்கிழமை பேராதனையில இருந்து ஒரு ஆள் பாக்க வர்றாராம்" என்றான். கத்தரி கோணலாகப் போய்விட்டது. அந்தத் துணியை அந்த மனுஷிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டு, கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். வீட்டிலேயே இருக்கிற எனக்குத் தெரியாத விஷயம் ஹேவாஹெட்டைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னால், "அவ சாமான், அவ விருப்பம்" என்கிறார். அவருக்கு எல்லாமே மற்றவர்கள் விருப்பம்தான். எனக்கு அப்படி இருக்க வரவில்லை.

இது எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். பிரவீனின் அம்மா நம் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகி, முதல் தரமாக உன் அறையைப் பார்க்க வந்தார்கள். சுவர் உயரத்துக்கு நிற்கிற பெட்டியையும், அதிலிருந்து தொங்குகிற கலர் கலர் வயர்களையும் பார்த்துவிட்டு, "இது என்ன மகள், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கு?" என்று கேட்டார்கள். நானும் முதலில் அதையேதான் கேட்டேன், அதனால் எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. நீ எவ்வளவு அழகாக விளக்கினாய். "இது ஒரு வாத்தியம் ஆன்ட்டி. இந்தத் தகடு ஒவ்வொண்ணும் ஒரு வேலை செய்யும். ஒண்ணு சத்தத்த உண்டாக்கும், ஒண்ணு அத வடிகட்டும், ஒண்ணு தாளத்த எண்ணும். எதை எதோட வயர் போட்டு இணைக்கிறோமோ, அதுக்கேத்த மாதிரி வாத்தியமே மாறிரும்." அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப ஆர்மோனியம் மாதிரி அமுக்குற கட்டை எங்க?" என்றார்கள். கட்டை இல்லாமலும் வாசிக்கலாம் என்று நீ வாசித்தும் காட்டினாய். அதற்குப் பிறகுதான் அவர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வெள்ளவத்தை வீட்டுல இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் என் காதில் கிடக்கிறது. "கல்யாணத்துக்குப் பிறகு இதெல்லாம் தேவைப்படாது ஆன்ட்டி." அப்படியொரு கேள்வியை யாரும் கேட்கவே இல்லையே, மகளே. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னாய்?

நீ கேள்விக்குப் பயந்த பிள்ளை கிடையாது. உன் முதல் சம்பளத்தில் வாங்கிய அந்தச் சின்ன அனலொக் சிந்தசைசர் பார்சலில் வந்தபோது, அதை எடுக்க நாம் இரண்டு பேரும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? சுங்கக் கவுண்டரில் இருந்த அதிகாரி பெட்டியைப் பிரித்து, திருப்பி, குலுக்கி, காதில் வைத்தெல்லாம் பார்த்தார். "மேக்க மொகக்த நங்கி?" என்றார். இது என்ன தங்கச்சி என்று அவர் கேட்ட விதத்திலேயே, ஏதோ வில்லங்கமான சாமான் என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், வா போய்விடலாம் என்று. நீயோ பையிலிருந்து பற்றரிகளை எடுத்துப் போட்டு, உன் ஹெட்போனைக் கழற்றி அந்த மனிதர் தலையில் மாட்டிவிட்டு, ஒரு திருகைத் திருகினாய். அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பக்கத்து மேசையில் வேலை செய்த நோனா அம்மாவைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தார். அந்த நோனா தானே திருகத் தொடங்கிவிட்டார். நமக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நம்மை விட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டு வர, நீ மட்டும் மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு விழித்திருந்தாய். எனக்கு அன்றைக்கு அந்த யந்திரம் பிடிக்கவில்லை. ஆனால் உன் முகம் பிடித்திருந்தது.

பிடிக்காத சாமானுக்கும் பூசை உண்டு, அது நம் வீட்டு வழக்கம். சரஸ்வதி பூசைக்குக் கடையில் கத்தரி, மீட்டர் கோல், கல்குலேட்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற நான், உன் சிந்தசைசரை மட்டும் விட்டுவிடுவேனா? நீ குளித்துவிட்டு வருவதற்குள் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு பொட்டு வைத்து முடித்துவிட்டேன். மேலே கீழே தள்ளுகிற பிடிகள் இருக்கின்றனவே, அதற்கும் தாராளமாக வைத்தேன். மறுநாள் விஜயதசமிக்கு நீ அதைப் போட்டதும், கருவாடு பொரிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. குங்குமம் பிடிக்குள் இறங்கியிருந்தது. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பெற்றவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும். நீ பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்தாய். "அடுத்த தரம் பொட்ட பெட்டிக்கு வெளிய வைங்கம்மா, உள்ள வேணாம்" என்றாய், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீ முழுதாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான் என்று பிறகு ஒரு நாள் சொன்னாய். என் பக்தியால் விளைந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நாட்டுக்குள் ஒரு சாமானும் இறக்குமதி செய்ய முடியாத காலம் வந்தது. வெளிநாட்டில் புதுப் புது மொடியுலர் சாமான்கள் வருவதை நீ போனில் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டாய். பெருமூச்சோடு நிற்கவில்லை, அதுதான் எனக்குப் பெருமை. பழுதான ரேடியோக்களிலிருந்து கழற்றியும், அங்கே இங்கே கேட்டுப் பொறுக்கியும் நீயே தகடு தகடாகச் செய்யத் தொடங்கினாய். கரண்ட் வெட்டு நாட்களில் ஹேவாஹெட்டைக்குப் போய், மாமா மைக்செட்டுக்கு வைத்திருக்கிற ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ஈயம் பற்றவைத்தாய். இவ்வளவையும் பூட்டி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று, கடையில் சேலை அடுக்கியிருந்த பழைய பலாமர ராக்கையைக் கேட்டாய். அப்பா கேட்டதும் கொடுத்தார். நான் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றுதான் கொடுத்தேன். இப்போது அந்த ராக்கையைப் படம் பிடித்து, "நல்ல நிலையில் உள்ளது" என்று போட்டிருக்கிறாய். என் கடை ராக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நான் சொல்லாமல் விட முடியாது. மாமா கோயில் கமிட்டியிடம் பேசி உனக்கு அரை மணி நேரம் வாங்கித் தந்திருந்தான். "டீஜேயா?" என்று அவர்கள் சந்தேகமாகக் கேட்க, "டீஜே இல்லண்ணே, வாத்தியம்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறான், அவனுக்கே அது என்னவென்று தெரியாது. நீ கண்டியில் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெக்கையில் சுருதி சேர்த்து வைத்துவிட்டாய். அங்கே போய் இறங்கினால் மாலைப் பனி இறங்கி, மூச்சு விட்டால் புகை வருகிறது. நாதஸ்வரக்காரர் சுருதி கொடுக்க, நீயும் பெட்டியைத் திறந்தாய். ஐயோ, அந்தச் சத்தம்! அவர் ஒரு பக்கம் போக, உன் பெட்டி வேறு பக்கம் போனது. அவர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தார். எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நீ என்ன செய்தாய் தெரியுமா? மைக்கை எடுத்தாய். "மன்னிச்சுக்கங்க. பெட்டிக்குக் குளிருது. சூடேறினாத்தான் சுருதி நிக்கும். கொஞ்ச நேரம் குடுங்க" என்றாய். ஊரே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, கொழுந்து எடுக்கப் போகும்போது போட்டுக்கொள்கிற கம்பளியை எழுந்து வந்து நீட்டி, "இந்தா பாப்பா, இதப் போத்தி விடு, சளி புடிச்சிரப் போவுது" என்றார். மறுபடியும் சிரிப்பு. நீயும் சிரித்துக்கொண்டே வாங்கி, பெட்டிக்குப் போர்த்திவிட்டாய். பெட்டி சூடேறும்வரை தப்பு மேளம் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சும்மா இருக்கவில்லை, பெரிய தப்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து, அடி விழும்போதெல்லாம் பெட்டி பதில் சொல்கிற மாதிரி வயரை மாற்றிப் போட்டாய். முதல் பதில் வந்ததும் தப்படிக்கிறவர் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். பிறகு ஒரு அடி அடித்துப் பார்த்தார். பெட்டி பதில் சொன்னது. அவருக்குக் குறும்பு வந்துவிட்டது. ஏமாற்றி அடித்தார், இழுத்து அடித்தார், அடிக்கிற மாதிரி கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் விட்டார். ஜனம் விசிலடித்தது. கடைசியில் நாதஸ்வரமும் சுருதியோடு வந்து சேர்ந்துகொள்ள, உன் பெட்டியின் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி அதிர்ந்ததை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. நான் அழுதேன். பனி என்று சொல்லி மாமாவின் துவாயை வாங்கித் துடைத்துக்கொண்டேன். அது என் மகள் என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

இப்போது சொல். அத்தனை பேருக்கு முன்னால், எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று வாய் திறந்து கேட்ட உனக்கு, ஒரே ஒரு மனுஷிக்கு முன்னால், எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லையா?

கல்யாணம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். நானும் சொல்வேன், விட்டுக்கொடுக்காமல் உன் அப்பாவோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா? அவர் குறட்டைக்கே எனக்கு ஒரு விருது தர வேண்டும். ஆனால் நமக்கு வேண்டியதைக் கேட்டோ செய்தோ பார்த்த பிறகுதான் விட்டுக்கொடுப்பது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. இந்த வீட்டு மருமகள் யாரும் அதற்கு முன் கடையில் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. ஒரு நாள் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோன நான் திரும்பி வரவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார், "அப்ப ராவைக்குச் சமையல்?" என்று கேட்டார்கள். "மாவு பிசைஞ்சு வச்சிட்டுத்தான் வந்தேன் மாமி" என்றேன். "சரி" என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. இடி விழவில்லை. அன்றைக்கு அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு ஏதோ ஒரு விதத்தில் சமாதானம் ஆகியிருப்போம். கேட்காமலே விட்டுக்கொடுத்தவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? சில வருஷம் கழித்து, பிரவீன் தன் பாட்டுக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். உனக்காகத்தானே எல்லாவற்றையும் விற்றேன் என்று நீ மனதுக்குள் அவனை முறைத்துக்கொண்டிருப்பாய். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது.

அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. திங்கட்கிழமை அவனுக்கே கோல் எடுத்தேன். உனக்குத் தெரிந்தால் ஆடுவாய் என்று தெரியும், இப்போது ஆடிக்கொள். "தம்பி, ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லுங்க. தர்ஷியோட பெட்டிய விக்கச் சொன்னது நீங்களா?" என்றேன். "விக்கிறாளா?" என்றான். குரலே மாறிவிட்டது. "என்ன ஆன்ட்டி சொல்றீங்க? நான் பல்கனிப் பக்கத்து ரூம அளந்து வச்சிருக்கேன். மேசை அடிக்கத் தச்சு வேலை செய்ற பாஸ்கிட்டயும் சொல்லிட்டேன். அம்மா அங்க இருந்த தையல் மெஷின ஹோலுக்கு மாத்திட்டாங்க. கல்யாணத்தன்னைக்குச் சொல்லலாம்னு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம்." விளங்குகிறதா உனக்கு? எங்கே வைக்கிறது என்று அந்த அம்மா கேட்டது, நிஜமாகவே எங்கே வைக்கிறது என்றுதான். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் தன் தையல் மெஷினை நகர்த்தியிருக்கிறார்கள். நீ அதற்குள் பெட்டியைப் படம் பிடித்துவிட்டாய்.

அவன் இன்னொன்றும் சொன்னான். புதுச் சாமான்களைக் காட்டுகிற கண்காட்சி வெளிநாட்டில் நடந்தால், நீ பார்ப்பதையெல்லாம் அவனுக்கு அனுப்புவாயாம். இந்த முறை ஏதோ ஒரு சின்னக் கம்பனி செய்த, சத்தத்தை வடிகட்டுகிற அனலொக் பில்டர் தகட்டின் படத்தை அனுப்பிவிட்டு, உடனேயே அழித்துவிட்டாயாம். ஆனால் அதற்குள் அவன் பார்த்துவிட்டான். ஏன் அழித்தாய் என்று கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறான். பேசிப் பழகுங்கள் இரண்டு பேரும், எல்லாவற்றுக்கும் நடுவில் நான் கோல் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

உன் மாமா ஒரு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான், "தாய்மாமன் சீருக்கு என்னக்கா எடுக்கட்டும், பிரிட்ஜா, வாஷிங் மெஷினா?" என்று. பிரவீனோடு பேசு என்று சொல்லிவிட்டேன். பேசினான். அந்த பில்டருக்கு நேற்று ஓடர் போட்டாகிவிட்டது. கல்யாண ஹோலுக்குள் மேளத்தோடு வரும்போது தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவில் அதையும் ஒரு தட்டில் வைத்து அவனே தூக்கி வரப் போகிறானாம். ஆனால் அளவைப் பார்த்ததும் மனம் உடைந்துவிட்டது அவனுக்கு. "என்னக்கா, உள்ளங்கையளவுதான் இருக்கு. சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க? பிளக்கு கூட இல்ல" என்று புலம்பினான். பிளக் ஏன் இல்லை என்று பிரவீன்தான் அவனுக்குப் பொறுமையாக விளக்கினான். அது தனியாக இருந்தால் வெறும் தகடுதானாம். அதற்குக் கரண்ட்டும் உன் பெட்டியிலிருந்துதான் போக வேண்டுமாம், வடிகட்டச் சத்தமும் உன் பெட்டியிலிருந்துதான் வர வேண்டுமாம். அந்தப் பெட்டி பேராதனைக்குப் போய்விட்டால், உன் மாமா மேளதாளத்தோடு ஊர் பார்க்க ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.

வெள்ளிக்கிழமை நீ வந்துவிடுவாய். சனிக்கிழமை அந்த ஆள் பெட்டியைப் பார்க்க வருவார். அவருக்கு கோல் எடுத்து வராதீர்கள் என்று சொல்ல என் கை துடித்தது, உண்மை. சொல்லவில்லை. பெட்டி உன்னுடையது, வாயும் உன்னுடையது. பேராதனையிலிருந்து வருகிற மனிதரை வடையும் தேத்தண்ணியும் கொடுத்து உபசரிப்பது என் பொறுப்பு. அவரை வெறுங்கையோடு அனுப்பிவைப்பது உன் பொறுப்பு.

அம்மா